பார்மசிஸ்ட் ஊசி போடலாமா? மாறிக்கிட்டே இருக்கற சட்டத்தை புதுசா வர்றவங்க எப்படி படிக்கணும், எப்படி தயாராகணும்

படிப்ப முடிச்சு ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கி முதல் தடவையா கவுண்டர்ல நிக்கற பார்மசிஸ்ட் கிட்டத்தட்ட எல்லாரும் கேக்கற கேள்வி, "நான் தடுப்பூசி போடலாமா?" இதுக்கு யாராவது ஆமா, இல்லைனு ஒரே வார்த்தையில பதில் சொன்னா அதை நம்பி சிரிஞ்சை கையில எடுக்காதீங்க. சட்டம் அப்படி பதில் சொல்றதே இல்ல. இந்த ட்ரெயினிங் முடிச்ச நீங்க, இந்த வயசு ஆளுக்கு, இந்த ஊசியை, இந்த மாதிரி இடத்துல, இந்த தேதி வரைக்கும் போடலாம்னுதான் சொல்லும். அதுல ஏதாவது ஒண்ணு மாறினா பதிலும் மாறிடும். போன மாசம் சரியா இருந்தது இந்த மாசம் அனுமதி இல்லாத வேலையா ஆகலாம், அதே ஊசி, அதே ஆளு, அதே கைதான்.

எதுக்கு இவ்ளோ மாறுதுனு தெரிஞ்சுக்கிட்டா படிக்கறது சுலபமா இருக்கும், அதனால கொஞ்சம் பழைய கதை. பார்மசிஸ்ட் ஊசி போடறது அமெரிக்காவுல 1990கள்ல சில மாநிலங்கள்ல ஆரம்பிச்சது, 1996ல அங்க இருக்கற பார்மசிஸ்ட் சங்கம் இதுக்குன்னே ட்ரெயினிங் கோர்ஸ் கொண்டு வந்துச்சு, 2009 வாக்குல 50 மாநிலத்துலயும் ஏதோ ஒரு அளவுல அனுமதி வந்துடுச்சு. போர்ச்சுகல் 2007ல சட்டத்தை மாத்திச்சு, அயர்லாந்துல 2011ல ஃப்ளூ ஊசி, ஆஸ்திரேலியாவோட குவீன்ஸ்லாந்துல 2014ல சோதனை திட்டம், இங்கிலாந்துல 2015ல தேசிய அளவுல ஃப்ளூ ஊசி சேவை, பிரான்ஸ்ல முதல்ல சில பகுதியில மட்டும் பாத்துட்டு 2019ல நாடு முழுக்க. கவனிச்சீங்கனா பெரும்பாலான இடத்துல ஒரே வழிதான், முதல்ல ஒரே ஒரு ஊசி, பெரியவங்களுக்கு மட்டும், அப்புறம் பட்டியல் நீளும், வயசு வரம்பு இறங்கும். ஒவ்வொரு தடவை நீளும்போதும் புது நிபந்தனை ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். அந்த நிபந்தனையைத்தான் நம்ம ஆளுங்க படிக்காம விட்டுடறாங்க.

முதல் வேலை: உங்க அதிகாரம் எந்த வழியா வருதுனு கண்டுபிடிங்க

பொதுவா மூணு வழி இருக்கு. ஒண்ணு, டாக்டர் அந்த நோயாளிக்குனு எழுதிக் கொடுத்த சீட்டு, அதை வச்சு நீங்க போடறீங்க. ரெண்டாவது, ப்ரொட்டோகால், அதாவது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு, ஒரு குறிப்பிட்ட மருந்தை, தனித்தனி சீட்டு இல்லாம கொடுக்கலாம்னு முன்கூட்டியே எழுதி கையெழுத்து போட்ட ஆவணம், அமெரிக்காவுல ஸ்டாண்டிங் ஆர்டர்னு சொல்வாங்க, பிரிட்டன்ல பேஷன்ட் குரூப் டைரக்ஷன், சுருக்கமா பிஜிடி. மூணாவது, பார்மசிஸ்டுக்கே நேரடியா இருக்கற அதிகாரம், பிரிட்டன்ல தனி தகுதி வாங்கின பார்மசிஸ்டுங்க 2006லேர்ந்து தாங்களே மருந்து எழுதலாம், பிரான்ஸ்ல 2023 ஆகஸ்ட்லேர்ந்து ட்ரெயினிங் முடிச்ச பார்மசிஸ்டுங்க பட்டியல்ல உள்ள ஊசிகளை தாங்களே எழுதிக் கொடுத்து தாங்களே போடலாம்.

இந்த மூணுக்கும் ரூல்ஸ் வேற வேற, இதுல குழப்பிக்கிட்டா எல்லாமே குழம்பிடும். பிஜிடியையே எடுத்துக்கோங்க, அதுல வேலை செய்யற ஒவ்வொருத்தரும் பேர் எழுதி தனித்தனியா கையெழுத்து போட்டிருக்கணும், நோயாளியை பரிசோதிச்சு முடிவெடுத்தவரே ஊசியையும் போடணும், "நான் கேள்வி கேட்டு முடிச்சுட்டேன், நீ போட்டுடு"னு பக்கத்துல இருக்கறவங்க கிட்ட கொடுக்க முடியாது. ஆனா கோவிட் நேரத்துல, 2020 அக்டோபர்ல, பிரிட்டன்ல மருந்து ஒழுங்குமுறைகளை திருத்தி நேஷனல் ப்ரொட்டோகால்னு புதுசா ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல மதிப்பீடு ஒருத்தர், மருந்தை கலக்கறது ஒருத்தர், போடறது இன்னொருத்தர்னு வேலையை பிரிச்சுக்கலாம். ஒரே கட்டடத்துல காலையில ஒரு ஊசி இந்த ரூல்ல, மதியம் இன்னொரு ஊசி அந்த ரூல்லனு நடக்கும். எந்த ஊசி எந்த ஆவணத்து கீழனு தெரியாம வேலை செஞ்சா தப்பு நடக்கறதுக்கு கெட்ட எண்ணமே தேவையில்ல, பழக்கமே போதும்.

அடுத்து, பேப்பர்களை வரிசையா அடுக்குங்க

மேல சட்டம், அதாவது சட்டசபையோ பாராளுமன்றமோ நிறைவேத்தினது. அதுக்கு கீழ அந்த சட்டம் கொடுத்த அதிகாரத்துல அமைச்சகமோ கவுன்சிலோ (பார்மசிஸ்டுகளை ரிஜிஸ்டர் பண்ணி ஒழுங்குபடுத்தற அமைப்பு) போட்ட விதிகள். அதுக்கு கீழ கவுன்சிலோட நடைமுறை வழிகாட்டுதல். அப்புறம் ப்ரொட்டோகால். அப்புறம் அரசு திட்டமா இருந்தா காசு கொடுக்கற ஒப்பந்தம். கடைசியா நீங்க வேலை செய்யற இடத்தோட எஸ்ஓபி, அதாவது அந்த இடத்துல வேலையை எப்படி செய்யணும்னு எழுதி வச்ச முறை. மேல இருக்கறது அனுமதிச்சதை கீழ இருக்கறது இறுக்கலாம், தளர்த்த முடியாது. சட்டம் 5 வயசுக்கு மேலனு சொல்லி கம்பெனி எஸ்ஓபி 12 வயசுக்கு மேலனு சொன்னா நீங்க 12ஐ பின்பற்றணும், அது அவங்க உரிமை. சட்டம் 18னு சொல்லி எஸ்ஓபி 16னு சொன்னா அந்த எஸ்ஓபி தப்பு, அதை பின்பற்றினேன்னு கவுன்சில் முன்னாடி நின்னு சொன்னா உங்களை காப்பாத்தாது. ரிஜிஸ்ட்ரேஷன் உங்க பேர்ல இருக்கு, மேனேஜர் பேர்ல இல்ல. புதுசா வந்தவங்க இதை மேனேஜர் கிட்ட சொல்லவே பயப்படறாங்க, சொல்லுங்க, பேப்பரை காட்டி மரியாதையா சொல்லுங்க.

ஒப்பந்தமும் அனுமதியும் வேற வேறங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க. ஒரு ஊசியை போட சட்டம் அனுமதிக்கும், ஆனா அரசு திட்டம் அந்த வயசுக்கு காசு தராது. அப்போ அது சட்டமீறல் இல்ல, நோயாளி கையிலேர்ந்து காசு கொடுக்கணும், அவ்ளோதான். இதை அவங்களுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

திருத்தம் வந்தா எப்படி படிக்கறது

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. செய்தியில "பார்மசிஸ்டுகளுக்கு புது அதிகாரம்"னு வரும், வாட்ஸப் குரூப்ல ஃபார்வர்ட் ஓடும், அன்னைக்கே வேலையை ஆரம்பிக்கக்கூடாது. மசோதா நிறைவேறினது ஒரு தேதி, ஒப்புதல் கிடைச்சது ஒரு தேதி, கெஜட்ல வந்தது ஒரு தேதி, அமலுக்கு வர்றது இன்னொரு தேதி, நமக்கு வேண்டியது இந்த கடைசி தேதி மட்டும்தான். சில சமயம் சட்டம் அமலுக்கு வந்திருக்கும், ஆனா "விதிகளில் குறிப்பிட்டபடி"னு ஒரு வரி இருக்கும், விதிகள் இன்னும் வந்திருக்காது, அப்போ அதிகாரம் பேப்பர்ல இருக்கும், கையில இருக்காது.

திருத்தத்தை தனியா படிச்சா ஒண்ணும் புரியாது. "இத்தனாவது பிரிவுல 18 என்பதற்கு பதிலாக 12 என்று இடப்படும்"னு மட்டும் இருக்கும். பழைய சட்டத்தை பக்கத்துல வச்சு, மாத்தி எழுதி, முழு வாக்கியமா படிக்கணும். அரசு தளத்துலயே திருத்தங்கள் சேர்த்த முழு வடிவம் கிடைச்சா அதை எடுங்க, ஆனா எந்த தேதி வரைக்கும் சேர்த்திருக்காங்கனு மேல போட்டிருக்கும், அதை பாக்காம விடாதீங்க. அப்புறம் வரையறை பகுதி. எல்லாரும் தாண்டிப் போற பகுதி அதுதான், எல்லாமே ஒளிஞ்சிருக்கறதும் அங்கதான். "மேற்பார்வை"னா பக்கத்துல நிக்கணுமா, அதே கட்டடத்துல இருந்தா போதுமா, போன்ல கிடைச்சா போதுமா? "வழங்குதல்"ங்கறதும் "செலுத்துதல்"ங்கறதும் ஒண்ணா வேறயா? பதில் அங்க இருக்கும். நிபந்தனைகளுக்கு நடுவுல "மற்றும்" இருக்கா "அல்லது" இருக்கானு விரல் வச்சு பாருங்க, மூணு நிபந்தனைக்கு நடுவுல "மற்றும்" இருந்தா மூணும் வேணும்.

முடிவு தேதி இருக்கானு தேடுங்க. கோவிட் நேரத்துல கிடைச்ச நிறைய அதிகாரம் அவசர நிலைக்காக கொடுத்தது. 2020 ஆகஸ்ட்ல அமெரிக்க மத்திய அரசு ப்ரெப் சட்டம்ங்கற பொது சுகாதார அவசரநிலை சட்டத்து கீழ ஒரு அறிவிப்பு போட்டு, மாநில சட்டம் என்ன சொன்னாலும் பார்மசிஸ்டுங்க 3 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு வழக்கமான தடுப்பூசிகளை போடலாம்னு சொல்லிச்சு, கூடவே குறைஞ்சது 20 மணி நேர ட்ரெயினிங், சிபிஆர் (இதயம் நின்னா செய்யற முதலுதவி) சர்டிபிகேட், ஒவ்வொரு லைசென்ஸ் காலத்துலயும் 2 மணி நேரம் தடுப்பூசி பத்தின தொடர் கல்வினு நிபந்தனைகளும் போட்டுச்சு. சில மாநிலங்கள் பிற்பாடு அதை தங்களோட சொந்த சட்டத்துல எழுதிக்கிட்டாங்க, எல்லா மாநிலமும் அப்படி செய்யல. இந்த மாதிரி அதிகாரத்தை நிரந்தரம்னு நினைச்சு பழகிட்டவங்களுக்குத்தான் பின்னாடி சிக்கல்.

இதைவிட நுணுக்கமான ஒண்ணு இருக்கு. சட்டத்துல ஒரு எழுத்து கூட மாறாம உங்க அதிகாரம் மாறலாம். எப்படினா, சட்டம் ஊசிகளை பேர் சொல்லி பட்டியல் போடாம "இன்ன குழு பரிந்துரைக்கிற தடுப்பூசிகள்"னு வெளியில இருக்கற ஒரு பட்டியலை காட்டும். அந்த குழு பரிந்துரையை மாத்தினா உங்க அதிகாரமும் அதுகூடவே நகரும். 2025ல அமெரிக்காவுல நடந்தது இதுதான், நிறைய மாநில சட்டங்கள் ஏசிஐபிங்கற மத்திய ஆலோசனைக் குழுவோட பரிந்துரையோட பார்மசிஸ்ட் அதிகாரத்தை கட்டி வச்சிருந்தது, கோவிட் ஊசி விஷயத்துல மத்திய அளவுல நிலைப்பாடு மாறினதும் சில மாநிலங்கள்ல பார்மசியில டாக்டர் சீட்டு கேக்க வேண்டி வந்துச்சு, சில இடத்துல ஊசியே போட முடியல, அப்புறம் பென்சில்வேனியா மாதிரி மாநிலங்கள் அவசரமா ரூலை மாத்தி வேற மருத்துவ அமைப்புகளோட பரிந்துரையும் போதும்னு சேர்த்தாங்க. அதனால உங்க சட்டம் வெளியில எந்த பட்டியலை காட்டுதுனு குறிச்சு வச்சு, அந்த பட்டியலையும் சட்டம் மாதிரியே தொடர்ந்து பாருங்க.

உங்க பக்கம் என்ன வேணும்

ட்ரெயினிங் சர்டிபிகேட், அதுல நேரடி செய்முறை பகுதி இருந்துச்சாங்கறது முக்கியம், ஆன்லைன் வகுப்பு மட்டும் போதாதுனு நிறைய இடத்துல ரூல் இருக்கு. சிபிஆர் சர்டிபிகேட், அதுக்கு எக்ஸ்பைரி உண்டு, மருந்துக்கு எக்ஸ்பைரி பாக்கற நம்ம ஆளுங்க தங்களோட சர்டிபிகேட்டுக்கு பாக்கறதில்ல. தொழில்முறை இன்ஷூரன்ஸ், அதுல தடுப்பூசி போடறது உள்ள வருதானு பாலிசியை எடுத்து வார்த்தையா படிங்க, சும்மா "எல்லாம் கவர் ஆகும்"னு சொன்னா நம்பாதீங்க, எழுத்துல கேளுங்க. ப்ரொட்டோகால்ல உங்க பேரும் கையெழுத்தும். பார்மசி டெக்னீஷியனோ பயிற்சி மாணவரோ உங்க மேற்பார்வையில ஊசி போடறாங்கனா அவங்களுக்கும் இதே சோதனை, பொறுப்புல உங்க பங்கும் இருக்கு.

வேற நாட்டுக்கு, வேற மாநிலத்துக்கு மாறி வந்திருக்கீங்கனா முதல்லேர்ந்து ஆரம்பிங்க. அங்க ஆயிரக்கணக்குல போட்டிருந்தாலும் இங்க சட்டத்தோட கண்ணுக்கு நீங்க புது ஆளு.

இடமும் ஃப்ரிட்ஜும்

அனுமதி பல சமயம் ஆளுக்கு மட்டும் இல்ல, இடத்துக்கும் சேர்த்துத்தான். தனி அறை, உக்கார, தேவைப்பட்டா படுக்க வைக்க வசதி, கை கழுவ இடம், பயன்படுத்தின ஊசியை போடற டப்பா, அவசர மருந்து. கடைக்கு வெளியில, ஸ்கூல்ல, ஆபீஸ்ல முகாம் போடறதுக்கு தனி அனுமதி வேணுமானு பாருங்க.

ஃப்ரிட்ஜை பத்தி நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்வேன். தடுப்பூசியில பெரும்பாலானதுக்கு 2லேர்ந்து 8 டிகிரி செல்சியஸ். சூடானா கெடும்னு எல்லாருக்கும் தெரியும், உறைஞ்சாலும் கெடும்ங்கறது எல்லாருக்கும் தெரியறதில்ல. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், ஹெச்பிவி மாதிரி அலுமினியம் உப்பு சேர்த்த ஊசிகள் ஒரு தடவை உறைஞ்சு உருகினாலே வீரியம் போயிடும், சில சமயம் பாக்க நல்லாவே இருக்கும். அதனால இப்போ என்ன டிகிரினு மட்டும் பாத்தா போதாது, கடைசியா பாத்ததுலேர்ந்து அதிகபட்சம், குறைஞ்சபட்சம் எவ்வளவு போச்சுனு காலையிலயும் சாயந்திரமும் எழுதி, மீட்டரை ரீசெட் பண்ணணும். இது வெறும் தரம் பத்தின விஷயம் இல்ல, சட்டம் பத்தினதும்தான். ப்ரொட்டோகால் உங்களுக்கு கொடுத்த அனுமதி, தயாரிப்பாளர் சொன்னபடி சேமிச்ச மருந்துக்கு. வெப்பநிலை எல்லை மீறின டோஸை போட்டா நீங்க அந்த அனுமதிக்கு வெளியில நிக்கலாம். எல்லை மீறிச்சுனா தூக்கியும் எறியாதீங்க, எடுத்தும் போடாதீங்க, "பயன்படுத்தாதீங்க"னு எழுதி ஒட்டி சரியான குளிர்ல தனியா வச்சு, எவ்வளவு நேரம் எவ்வளவு டிகிரினு குறிச்சு, தயாரிப்பாளர் கிட்ட கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க.

எதிர்ல உக்காந்திருக்கற ஆளு

வயசு, எந்த ஊசி, எத்தனாவது டோஸ், முன்னாடி என்ன போட்டாங்க, அலர்ஜி, கர்ப்பம், நோய் எதிர்ப்பு சக்தி குறைக்கற மருந்து, ரத்தம் உறையாம இருக்கற மருந்து, ஊசினா மயக்கம் வருமா. உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசிகள், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கான ஊசி) மாதிரி, கர்ப்பிணிகளுக்கு போடக்கூடாது, எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கும் பொதுவா ஆகாது. உயிருள்ள ஊசி ரெண்டு போடணும்னா பொதுவா ஒரே நாள்ல, இல்லைனா 4 வாரம் இடைவெளி விட்டு. ப்ரொட்டோகால்ல "விலக்க வேண்டியவர்கள்"னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல இருக்கற ஆளுக்கு போடறது மருத்துவ ரீதியா பரவாயில்லனு உங்களுக்கு தோணினாலும் அந்த ஆவணத்து கீழ உங்களுக்கு அனுமதி இல்ல, டாக்டர் கிட்ட அனுப்பணும்.

கன்சென்ட்னா கையெழுத்து மட்டும் இல்ல. என்ன ஊசி, எதுக்கு, என்ன பக்கவிளைவு வரலாம், போடாம விட்டா என்னனு அவங்களுக்கு புரியற மொழியில சொல்லி, கேள்வி கேக்க விட்டு, அப்புறம் அவங்க சம்மதிக்கறது. பிள்ளைங்க விஷயத்துல யார் சம்மதம் தரலாம்ங்கறது இடத்துக்கு இடம் மாறும், இங்கிலாந்துல 1985ல கில்லிக் வழக்கு தீர்ப்புக்கு அப்புறம் 16 வயசு ஆகாதவங்களும் விஷயத்தை முழுசா புரிஞ்சுக்கற பக்குவம் இருந்தா தாங்களே சம்மதிக்கலாம், வேற இடங்கள்ல பெத்தவங்க கட்டாயம். பாட்டியோ அக்காவோ கூட்டிட்டு வந்தா அவங்க சம்மதம் செல்லுமானு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க, குழந்தை நாற்காலியில உக்காந்ததுக்கு அப்புறம் தேடாதீங்க.

மேல் கையில போடறப்போ தோள் எலும்போட நுனியை தொட்டுப் பாத்து, ரெண்டு மூணு விரல் கீழ, தசையோட தடிமனான பகுதியில போடுங்க. ரொம்ப மேல போட்டா தோள் மூட்டுலயே காயமாகி மாசக்கணக்குல கை தூக்க முடியாம போனவங்க இருக்காங்க. ஊசியை மறுபடி மூடாதீங்க, நேரா டப்பாவுக்குள்ள.

அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகற கடுமையான அலர்ஜி, அபூர்வம்தான், வந்தா நிமிஷக்கணக்குல வரும், அதனாலதான் 15 நிமிஷம் உக்கார சொல்றது வழக்கம். அட்ரினலின் தொடையோட வெளிப்பக்கம் நடுவுல, தசைக்குள்ள, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவங்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம், சரியாகலனா 5 நிமிஷம் கழிச்சு மறுபடி, ஆம்புலன்ஸை முதல்லயே கூப்பிட்டிருக்கணும். அட்ரினலின் போட உங்களுக்கு தனியா அனுமதி வேணுமாங்கறதையும் பாத்துக்கோங்க. பிரிட்டன்ல 2012 மனித மருந்து ஒழுங்குமுறைகளோட 19ஆவது அட்டவணைல உயிர் காக்கற அவசரத்துக்கு யார் வேணும்னாலும் போடலாம்னு பட்டியல் போட்ட மருந்துகள்ல அது இருக்கு, வேற இடத்துல உங்க ப்ரொட்டோகால்லயே எழுதியிருக்கணும்.

எழுதறது

ஊசி பேர், தயாரிப்பாளர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, டோஸ், எந்த கை, எந்த வழி (தசையிலயா, தோலுக்கு அடியிலயா), தேதி, நேரம், போட்டவர் பேர், சம்மதம், எந்த ப்ரொட்டோகாலோட எந்த பதிப்பு. இந்த கடைசி ஒண்ணை நிறைய பேர் எழுதறதில்ல, நான் கட்டாயம்னு சொல்வேன், ஏன்னா ரெண்டு வருஷம் கழிச்சு கேள்வி வந்தா அன்னைக்கு எந்த ரூல் இருந்ததுனுதான் பாப்பாங்க, இன்னைக்கு இருக்கற ரூலை இல்ல. அதனால பழைய ப்ரொட்டோகாலை கிழிச்சுப் போடாதீங்க, "இந்த தேதி வரைக்கும்"னு எழுதி ஃபைல்ல வைங்க. அமெரிக்காவுல 1986ல வந்த தேசிய குழந்தைகள் தடுப்பூசி பாதிப்பு சட்டப்படியே தேதி, தயாரிப்பாளர், லாட் (பேட்ச்) நம்பர், போட்டவரோட பேரும் விலாசமும் பதிவாகணும். தேசிய பதிவேடு இருந்தா அதுல ஏத்தணும், அவங்களோட டாக்டருக்கும் தெரியப்படுத்தணும், இல்லைனா அதே ஊசியை வேற இடத்துல மறுபடி போட்டுடுவாங்க. பக்கவிளைவு வந்தா உங்க நாட்டு முறையில தகவல் பதியணும், அமெரிக்காவுல வேயர்ஸ், பிரிட்டன்ல எல்லோ கார்ட், ஊசியாலதான் வந்துச்சுனு நிரூபிக்க வேண்டியது உங்க வேலை இல்ல, சந்தேகம் இருந்தாலே பதியலாம்.

தொடர்ந்து பாக்கறது

கவுன்சிலோட அறிவிப்பு மெயில்ல சேருங்க, கெஜட்டை, வெளிப் பட்டியலை, ப்ரொட்டோகால் எக்ஸ்பைரியை பாக்கறதுக்கு வாரத்துல ஒரு நேரம் ஒதுக்குங்க, டீம்ல ஒருத்தர் பேர்ல அந்த வேலை இருக்கணும், எல்லாரும் பாப்பாங்கனு விட்டா யாரும் பாக்க மாட்டாங்க. மாற்றம் வந்தா ஒரே பக்கத்துல எழுதுங்க, முன்னாடி என்ன, இப்போ என்ன, எந்த தேதியிலேர்ந்து, நாம எதை மாத்தணும். வரைவு விதிகளை கருத்து கேட்டு வெளியிடும்போது பதில் எழுதுங்க, புது ஆளுனு தயங்காதீங்க, கவுண்டர்ல நிக்கறவங்களுக்குத்தான் எந்த வரி நடைமுறையில உதைக்கும்னு தெரியும், எழுதறவங்களுக்கு அது தெரியாம போகலாம்.

இல்லைனு சொல்ல வேண்டி வந்தா

வேலையை விட்டுட்டு, பஸ் புடிச்சு, குழந்தையை தூக்கிட்டு வந்திருப்பாங்க. "சட்டம் இல்ல"னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. எதனால உங்களால முடியாதுனு ஒரு வரியில சொல்லுங்க, வயசா, அந்த ஊசியா, அவங்க சாப்பிடற மருந்தா. ஊசி கெட்டதுனு அவங்க நினைச்சுடக்கூடாது, அதனால "உங்களுக்கு இது தேவைதான், ஆனா நான் போட எனக்கு அனுமதி இல்ல, இவங்க போடுவாங்க"னு தெளிவா பிரிச்சு சொல்லுங்க. பக்கத்துல எந்த கிளினிக், எந்த நேரம், என்ன பேப்பர் எடுத்துட்டு போகணும்னு எழுதிக் கொடுங்க, முடிஞ்சா நீங்களே போன் பண்ணி அங்க ஸ்டாக் இருக்கானு கேட்டுட்டு அனுப்புங்க. அந்த விவரத்தையும் பதிவுல எழுதி வைங்க, யாரை, எங்க, எதுக்கு அனுப்பினோம்னு.